டெரிட்டோரியல் ஆர்மிக்கு போனா இருக்கிற வேலை போயிருமா?

மண்டபம்காரன்:
என் தம்பி இங்க ஒரு எறால் கம்பெனில பேக்கிங்ல இருக்கான், டெரிட்டோரியல் ஆர்மிக்கு (இருக்கிற வேலைய வச்சுக்கிட்டே கூப்பிடுறப்ப போற பகுதிநேர ராணுவம்) செலக்ட் ஆகி இப்ப கோயம்புத்தூர் 110வது பட்டாலியன்ல ட்ரெயினிங்க்கு வரச்சொல்லி ஆர்டர் வந்துருச்சு. ஓனர்கிட்ட காட்டுனா, மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போற நேரத்துல லீவா, வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டு போ, வந்தப்புறம் பாக்கலாம்ங்கிறார். வேலைய பிடிச்சு வைக்கணும்னு சட்டம் இருக்காமே, நெசமா?

பழைய ஹவில்தார்:
முதல்ல எதையும் எழுதிக் குடுக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க. 1948 டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்துல 7ஏ பிரிவு இருக்கு, லீவு குடுக்கிறதும் திரும்பி வந்தா முன்னைவிட குறையாத வேலைல சேத்துக்கிறதும் முதலாளியோட கடமை. ஆர்டர் வந்தப்புறம் அவரா நிப்பாட்டுனா, தப்பிக்கத்தான் நிப்பாட்டுனார்னு சட்டமே எடுத்துக்கும், இல்லைன்னு காட்ட வேண்டியது அவர் பாடு. இவனா எழுதிக் குடுத்துட்டா அந்தப் பிடியே போச்சு. பிஎஃப் உரிமையும் அடுத்த பிரிவுல காப்பாத்திருக்காங்க.

ஐஸ்பிளாண்ட்:
நான் முதலாளி பக்கம். ஜூன் 15 தாண்டுனா ராத்திரி பகலா ஓடுது, ஆள் இல்லன்னா சரக்கு நாறிரும், எங்க கஷ்டத்தையும் பாக்கணும்ல?

தொண்டி வக்கீல்:
அண்ணே, அதுக்கும் அதே பிரிவுல வழி இருக்கு. திரும்பச் சேக்க முடியலன்னா அதுக்குன்னு இருக்கிற அதிகாரிகிட்ட போகலாம், அவர் விலக்கும் குடுக்கலாம், சேத்துக்கச் சொல்லலாம், இல்ல ஆறு மாச சம்பளம் வரைக்கும் இழப்பீடு போடலாம். உத்தரவ மீறுனா அபராதம் 1000 ரூபா வரைக்கும்தான், இன்னைக்கு அது ஒரு பெட்டி எறாலுக்கு காணாது, ஆனா கூடவே கோர்ட்டு அந்த ஆறு மாச சம்பளத்தையும் குடுக்க வைக்கும், ஓனர் யோசிக்கிறது அதுக்குத்தான்.

உச்சிப்புளி:
என் மச்சான் அக்னிவீரா போறான், அவனுக்கும் இது உண்டா?

பழைய ஹவில்தார்:
இல்ல மாப்ள. அது நாலு வருஷ ரெகுலர் சர்வீஸ், 7ஏ டெரிட்டோரியலுக்கு மட்டும்தான்.

மண்டபம்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. ஆனா சம்பளத்த கம்பெனில வாங்கி மேஸ்திரிதான் கையில தர்றார், சிலிப்பு கிடையாது.

தொண்டி வக்கீல்:
அங்கதான் பூராப் பேரும் மாட்டுறது, அந்த கம்பெனில வேலை பாத்ததுக்கு சாட்சி வேணும்ல. இஎஸ்ஐ நம்பர், கேட் பாஸ், ஷிப்ட் போட்ட வாட்சப் மெசேஜ், எது கெடச்சாலும் இப்பவே எடுத்து வைங்க. ஆர்டர் காப்பி வச்சு லீவு லெட்டர கம்பெனி பேருக்கே ஸ்பீடு போஸ்ட்ல போடுங்க, மேஸ்திரி கைல குடுக்காதீங்க.