பயிர்க்குறியா, பயிர்த்தடயமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வான்படங்களில் தொல்லியல் எச்சங்களைக் கணினியே தேடும் முறையைப் பற்றி எழுதும்போது ‘கிராப்மார்க்’ என்பதற்கு ஒரு சொல் இல்லாமல் நகர முடியாது. மண்ணுக்குள் புதைந்த பழைய சுவரோ அகழியோ மேலே நிற்கும் பயிரின் வளர்ச்சியில் தெரிவதுதான் அது. ‘பயிர்க்குறி’ என்பது வாயில் எளிதாக வருகிறது, சரி. ஆனால் குறி என்றால் யாரோ வேண்டுமென்றே இட்டது. இங்கே யாரும் எதையும் இடவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய சுவரை இடித்தபோது கடைக்காலைத் தோண்டாமல் விட்டுவிட்டோம். சித்திரை வெயிலில் அதன்மேல் முளைத்த கீரை மட்டும் நேர்கோடாக வாடி நிற்கும். ஒரு முழம் தள்ளி இருக்கும் கீரைக்கு ஒன்றும் ஆகாது. வேருக்குக் கீழே கல், ஈரம் நிற்பதில்லை. தூர்ந்துபோன பழைய அகழி என்றால் இதற்குத் தலைகீழ்: ஆழமான மண்ணில் ஈரம் தங்கி, பயிர் உயர்ந்து கரும்பச்சையாக எழும். 2018 ஜூலையில் கடும் வறட்சியின்போது அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே புதிய கற்காலத்துப் பெருவட்ட அமைப்பு (ஹெஞ்ச்) ஒன்று டிரோன் கேமராவுக்கு இப்படித்தான் அகப்பட்டது.

மண்ணுக்குள் இருப்பதைப் பயிர் காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் ‘தடயம்’ என்ற சொல்லை நாடுகிறேன். முதலில் ‘பயிர்த்தடம்’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். சின்னச் சொல், அழகாகவும் இருந்தது. ஆனால் மருந்தடிக்கும் டிராக்டர் கோதுமை வயலுக்குள் இரட்டைக் கோடாகச் சக்கரத் தடம் விட்டுப்போகும். கணினி ஏமாறும் இடங்களில் அதுவும் ஒன்று. பயிர்த்தடம் என்றதும் வாசகர் அதைத்தானே நினைப்பார்?

‘பயிர்த்தடயம்’ என்று வைத்துக்கொண்டால் மற்றவையும் வரிசையாக வந்துவிடுகின்றன. உழுத நிலத்தில் நிற வேறுபாடாகத் தெரிவது மண் தடயம். சாய்வெயிலில் மேடுபள்ளம் காட்டுவது நிழல் தடயம். பாசிட்டிவ், நெகட்டிவ் வகைகளை நேர்மறை, எதிர்மறை என்று பெயர்க்க வேண்டாம். ‘செழிப்புத் தடயம்’, ‘வாட்டத் தடயம்’ என்றால் உழவருக்கும் உடனே புரியும். நேற்றுப் புதைத்த குழாய்ப் பள்ளத்தைக் கணினி அகழி என்று காட்டினால் அது ‘பொய்த்தடயம்’.

அப்புறம் ‘ஃபீச்சர்’. தொல்லியலாளருக்கு அது குழி, சுவர், அகழி. கணினிக்காரருக்கோ படத்தின் விளிம்பு, நிறம், இழைமம் (டெக்ஸ்சர்). இரண்டையும் ‘கூறு’ என்று எழுதினால் ஒரே பத்தியில் பொருள் மோதும். முன்னதற்குத் ‘தொல்கூறு’, பின்னதற்குப் ‘படப்பண்பு’ என்று வைக்கலாமா? கணினிப் பக்கம் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.