சில்வராடோவ 2/4 இறக்கணும், எந்த பார்ட்ஸ் வாங்கினா பயமில்லாம ஓட்டலாம்?

ஹூஸ்டன்காரன்
வணக்கம் மக்களே. என்கிட்ட 2011 ஷெவி சில்வராடோ 1500 பிக்கப் இருக்கு, டூ வீல் டிரைவ், சிங்கிள் கேப். முன்னாடி 2 இன்ச் பின்னாடி 4 இன்ச் இறக்கலாம்னு இருக்கேன், பின்பக்கத்த தூக்கிட்டு நிக்கிறது பாக்கவே பிடிக்கல. கூட வேலை செய்ற ஒருத்தன், எதுக்குடா காசு, முன் காயில் ஸ்பிரிங்ல ஒரு சுத்து அறுத்து விடு, பின்னாடி ஆக்சிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவுல 3 இன்ச் பிளாக் வை, முடிஞ்சுதுங்கிறான். கம்பெனி பேரே இல்லாத ஸ்பிண்டில் (முன் சக்கரம் மாட்டுற துண்டு) ஆன்லைன்ல பாதி விலைக்கு வருது. வாரக்கடைசில கேட்டரிங் பாத்திரம், மடக்கு நாற்காலின்னு லோடு ஏறும், சமயத்துல சின்ன டிரெய்லரும் உண்டு. முன்னாடி ஸ்பிண்டிலா, லோயரிங் ஸ்ட்ரட்டா (காயிலோட சேந்த ஷாக்)? பின்னாடி ஷாக்கிளா (பட்டை முனைய ஃபிரேம்ல மாட்டுற இணைப்பு), ஃபிளிப் கிட்டா (பட்டைய ஆக்சிலுக்குக் கீழ மாத்துறது)?

ஸ்பேனர் சித்தப்பா
காயில அறுக்காதீங்க தம்பி. அறுத்த முனை சீட்ல சரியா உக்காராது, சக்கரம் பள்ளத்துல தொங்கும்போது காயில் லூசாகும். பிளாக் அதைவிட கூத்து, உங்க வண்டில பட்டை ஆக்சிலுக்கு மேல உக்காந்திருக்கு, நடுவுல பிளாக் வச்சா வண்டி இறங்காது, ஏறும்!

என் ஓட்டு ஸ்பிண்டிலுக்கு. சக்கரம் மாட்டுற இடத்தையே 2 இன்ச் மேல தூக்கி வார்த்திருப்பான், கன்ட்ரோல் ஆர்ம், ஷாக் எல்லாம் கம்பெனி நிலையிலேயே நிக்கும். ஆனா பிரேக் காலிப்பர்ல இருந்து ஹப் வரைக்கும் எல்லாத்தையும் தாங்குற துண்டு அது, பேரில்லாதத வாங்க வேணாம். பெல்டெக், டிஜேஎம் மாதிரி இதே தொழிலா இருக்கறவங்ககிட்ட உங்க வருஷத்துக்கு உண்டான பார்ட் நம்பர் பாத்து எடுங்க. பழைய பாடிக்கு வந்தது இதுக்கு சேராது.

டல்லஸ் தம்பி
சித்தப்பா, 2 இன்ச்தானே, ஸ்ட்ரட் போதும்னு நினைக்கிறேன். காயில் சீட்ட தாங்குற ஸ்னாப் ரிங் வளையத்த வேற பள்ளத்துக்கு மாத்தி உயரத்த கூட்டிக் குறைக்கலாம், விலையும் கம்மி.

ஸ்பேனர் சித்தப்பா
போடலாம்பா, தப்பில்ல. ஆனா ஆர்ம் மேல ஏறி நிக்கும், பம்ப் ஸ்டாப்புக்கு (இடிக்காம தடுக்கற ரப்பர் கட்டை) இடம் குறையும், கேம்பர் மைனஸ்ல போகும், அதாவது சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயும், அலைன்மென்ட் பண்ணாம ஓட்டினா டயரோட உள்பக்கம் மொட்டையாயிடும். இன்னொன்னு, ஸ்ட்ரட் மாத்தணும்னா காயில கம்ப்ரெஸ் பண்ணி கழட்டணும், வாடகைக்கு எடுத்த கம்ப்ரெசர வச்சு வீட்டு ஷெட்ல அந்த வேலை வேணாம், நழுவினா மூஞ்சிலதான் அடிக்கும். கழட்டி கடைல கொடுத்து மாட்டி வாங்குங்க.

பட்டைக்காரன்
பின்னாடிக்கு நான் சொல்றேன். 4 இன்ச்சுக்கு ஷாக்கிளும் ஹேங்கரும் (பட்டையோட இன்னொரு முனைய தாங்குற பிராக்கெட்) சேந்த கிட் போதும். ஃபிளிப் கிட் 5, 6 இன்ச் இறக்கும், அப்புறம் ஆக்சில் ஏறி இறங்க இடம் விட்டு ஃபிரேம்ல சி வடிவத்துல சி-நாட்ச் வெட்டணும், இல்லன்னா லோடு ஏத்தினதும் ஆக்சில் ஃபிரேம்ல டங்குனு இடிக்கும். முதல்ல நாற்காலியெல்லாம் ஏத்திட்டு ஆக்சில் குழாய்க்கும் ஃபிரேமுக்கும் எவ்வளவு இடைவெளின்னு டேப் வச்சு அளந்து பாருங்க, அதுல 4 கழிச்சா மிஞ்சறதுதான் உங்க கைல இருக்கு. இறக்கத்துக்குன்னே வர்ற குட்டை ஷாக், புது பம்ப் ஸ்டாப் கண்டிப்பா வாங்குங்க. பழைய ஹேங்கர் ரிவெட்ல நிக்கும், கிரைண்டர் வேலை, ரிவெட் போன ஓட்டைல கிரேடு 8 போல்ட் மட்டும்தான், தலையில 6 கோடு இருக்கும் பாருங்க, 3 கோடுன்னா கிரேடு 5. பட்டை முனையில இருக்கற கண்ணோட ரப்பர் புஷ் போல்ட்ட வண்டி தரைல நின்னப்புறம் முறுக்குங்க, ஜாக்ல தொங்கும்போதே முறுக்கினா ரப்பர் சீக்கிரம் கிழியும்.

ஹூஸ்டன்காரன்
செம அண்ணே, அளந்துட்டு சொல்றேன். இறக்கினா லோடு கம்மியா ஏத்தணுமா?

பட்டைக்காரன்
டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கற எடைதான் உச்சம், கிட் போட்டா அது ஏறாது. ஆக்சில் மேல கீழ ஓடுற தூரம்தான் குறையுது, அதனால டிரெய்லர் இழுக்கறப்ப பின் பட்டைக்கு கைகொடுக்கற ஹெல்பர் ஏர்பேக் இருந்தா நல்லது. 60 மைல்ல அதிர்ந்தா பினியன் ஆங்கிள (டிரைவ் ஷாஃப்ட் பின் ஆக்சில்ல சேர்ற கோணம்) மெக்கானிக்க பாக்கச் சொல்லுங்க, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு வச்சு சரி பண்ணலாம்.

டல்லஸ் தம்பி
ஹெட்லைட்ட விட்டுட்டீங்க. பின்னாடி அதிகமா இறக்கினா மூக்கு மேல பாக்கும், எதிர்ல வர்றவன் கண்ணு கூசும், திரும்ப ஏய்ம் பண்ணுங்க. டெக்சாஸ்ல 2025 ஜனவரில இருந்து சொந்த வண்டிக்கு சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது, யாரும் பாத்து சொல்லப் போறதில்ல. இன்சூரன்ஸ்காரன்கிட்டயும் ஒரு வார்த்தை போட்டுடுங்க ப்ரோ.