கே-இண்டெக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திங்கள், இரவு 10.40

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் எங்கள் சமூக மன்றத்தில் உயர்நிலைப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் சூரியனைக் காட்டுகிறோம். கூடவே நான்கு பக்கக் கையேடு. சூரியக் கரும்புள்ளிப் பக்கம் சிக்கலில்லாமல் முடிந்தது. வானியலாளர் ரூடால்ஃப் வோல்ஃப் வகுத்த கணக்கு, புள்ளிக்கூட்டம் ஒன்றுக்குப் பத்து, தனிப்புள்ளி ஒன்றுக்கு ஒன்று, எல்லாம் தமிழில் தானாக வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன்: கே-இண்டெக்ஸ். சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் எண் அது. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

போன கையேட்டில் "புவிக்காந்த வலிமை எண்" என்று எழுதியவன் நான்தான். அது பிழை. சிங்கப்பூரில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 42,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). சூரியனால் பெரும் காந்தப்புயல் அடித்தாலும் அதில் சில நூறுதான் கூடும், குறையும். கே சொல்வது வலிமையை அல்ல. மூன்று மணி நேரத்துக்குள் புலம் தன் அன்றாடப் போக்கை விட்டு எவ்வளவு விலகி ஆடியது என்பதை 0 முதல் 9 வரை சொல்கிறது. ஒரு பையன் என்னிடம், "கே 9 வந்தால் பூமியின் காந்தம் ஒன்பது மடங்கு ஆகிவிடுமா?" என்று கேட்டான். என் சொல்தான் அவனை அப்படிக் கேட்க வைத்தது.

குலைவு, சலனம், கலக்கம் மூன்றும் கையில் இருக்கின்றன. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.


செவ்வாய், காலை 6.15

தம்பி,

குலைவு வேண்டாம். குலைந்தது குலைந்ததுதான், கட்டுக் குலைந்தால் கூடாது. நீங்கள் சொல்லும் புலமோ இரண்டொரு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சலனம் வடசொல், அதைத் தேடிப் போக நமக்கு என்ன பஞ்சம்? அசைவு என்ற பொருளில் துளக்கம் இருக்கிறதே. நன்னூலில் ஆசிரியனுக்கு மலையை உவமை சொல்லும் இடத்தைப் பாருங்கள்:

அளக்கல் ஆகா அளவும் பொருளும்
துளக்கல் ஆகா நிலையும் தோற்றமும்

அளக்கலும் துளக்கலும் ஒரே எதுகையில் நிற்கின்றன. அசைக்க முடியாதது மலை. அசைவதை அளப்பது உங்கள் எண். "புவிக்காந்தத் துளக்க எண்" என்று வையுங்கள்.

இன்னொன்று. காந்தத்தை வடசொல் என்று சிலர் ஒதுக்குவார்கள், நீங்கள் ஒதுக்காதீர்கள். காந்துதல் என்றால் எரிதல், அந்த வேர் நம்முடையது என்பதே என் கருத்து. ஆனால் "காந்தப் புயல்" எனக்கு ஒப்பில்லை. "ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்" என்ற குறளில் புயல் என்பது மழை. உழவன் காத்திருக்கும் வளம் அது. அதைக் கொண்டுபோய்க் கேட்டுக்குப் பெயராக வைத்துவிட்டோம். காற்றின் சீற்றத்துக்குச் சூறை என்ற சொல் இருந்தது. "காந்தச் சூறை" என்று எழுதலாம். சூரியன் என்பதையும் ஞாயிறு என்றே மாற்றுங்கள்.


செவ்வாய், மதியம் 1.05

ஐயா, மன்னிக்க வேண்டும். வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கையேட்டின் தலைப்பு "சூரியச் செயற்பாடுகள்". அதை "ஞாயிற்றுச் செயற்பாடுகள்" என்று மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நிரல் என்றுதான் பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். துளக்கமும் அப்படித்தான். என் மாணவர்கள் பலருக்கு ல, ள வேறுபாடு காதில் விழுவதில்லை. வாய்விட்டுப் படித்தால் துலக்கம் ஆகிவிடும், பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வரும்.

"எண்" என்பதைவிடக் "குறியீடு" மேல். புகைமூட்டம் வந்தால் இங்கே சின்னப் பிள்ளைகூடக் கைப்பேசியில் பிஎஸ்ஐ என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்க்கிறது. 100ஐத் தாண்டினால் திடலில் நெடுநேரம் ஓடியாடக் கூடாது என்று அதற்குத் தெரியும். குறியீடு என்றால் ஒரு நிலைமையைச் சுருக்கிச் சொல்லும் எண் என்பது பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை வீணாக்க வேண்டாம்.


செவ்வாய், இரவு 11.20

கே என்ற எழுத்தை அப்படியே வைத்துவிடுங்கள் அண்ணே. அது கென்சிஃபர் என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து, அடையாள எண் என்று பொருள். 1930களின் இறுதியில் ஜெர்மன் புவி இயற்பியலாளர் யூலியஸ் பார்ட்டெல்ஸ் வைத்தார். பெயர் வைத்தவரே "கலக்கம்" என்றோ "துளக்கம்" என்றோ சொல்லவில்லை.

என் கவலை வேறு. உலகம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லப்படும் கே எண்ணான கேபி, 13 நிலையங்களின் பதிவிலிருந்து வருகிறது. எல்லாம் நடு அகலாங்குகளைச் சார்ந்தவை, நம் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நமக்கு நெருக்கமானது டிஎஸ்டி, புயலின்போது புலம் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் இன்னொரு எண். ஹொனலூலு, சான் ஹுவான், ஹெர்மானஸ், காக்கியோக்கா என்று தாழ்ந்த காந்த அகலாங்குகளில் நான்கு நிலையங்கள். 2024 மே புயலில் அது ஏறத்தாழ 400 நானோடெஸ்லா கீழே இறங்கியது.

இவ்வளவுக்கும் நம் சிங்கப்பூரிலேயே ஒரு காந்த ஆய்வுக்கூடம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கேப்டன் எலியட் 1841 முதல் 1845 வரை இங்கே இருந்து அளந்தார். ஏடுகள் 1850இல் சென்னையில் அச்சாயின. கையேட்டில் அதற்கு ஒரு வரியாவது கொடுங்கள்.


புதன், இரவு 9.50

அனைவருக்கும் நன்றி. எலியட்டுக்கு ஒரு வரி அல்ல, ஒரு கட்டமே ஒதுக்கிவிட்டேன். குறியீடு என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஐயா, துளக்கத்தை நேற்று முழுதும் மனத்தில் வைத்திருந்தேன். அழகான சொல். ஆனால் எனக்கு ஒரு தடை இருக்கிறது. அதைச் சொல்ல என் வீட்டுச் சுவரைக் காட்ட வேண்டும்.

கண்ணாடிப் புட்டிக்குள் நூலில் ஒரு சிறு காந்தம். அதன் மேல் நகத்தளவு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறேன். அதில் ஒளி பட்டு, மூன்று மீட்டர் தள்ளி அடுக்களைச் சுவரில் புள்ளியாக விழும். சுவரில் தாள் ஒட்டி, மணிக்கொரு முறை பென்சிலால் குறிப்பேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு மின்தூக்கிக்கு அடுத்தது. தூக்கி எங்கள் மாடியைக் கடக்கும்போதெல்லாம் புள்ளி ஒரு விரல் நகர்ந்து திரும்பும். ஊசி துளங்கியது உண்மை. ஆனால் அது சூரியன் செய்தது அல்ல, மின்தூக்கியின் இரும்பு செய்தது. மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அங்கிருந்த கொலாபா காந்த ஆய்வுக்கூடத்தின் வேலையை 1904இல் அலிபாகுக்கு மாற்றினார்களே, இதே தொல்லைக்காகத்தான். 1859 செப்டம்பரில் கேரிங்டன் புயல் என்ற பெரும் காந்தப்புயலின்போது ஊசியைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ச்சியை எழுதிவைத்த இடம் கொலாபா.

துளக்கம் ஊசிக்கு நடப்பதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது புலத்துக்கு நடப்பதைச் சொல்லும் சொல். பூமியின் சொந்தப் புலம் அங்கேயேதான் இருக்கிறது. மேலே மின்னோட்டங்கள் பெருகி, அவற்றின் புலம் இதனோடு வந்து கலக்கிறது. கலத்தல், கலங்கல், கலக்கம் ஒரே வேர் என்றே நினைக்கிறேன். குளத்தில் வெள்ளநீர் கலந்து குளம் கலங்குவதும் இதுவும் ஒன்றுதான். கணக்குப் போடும் முறையும் அதுவே: அமைதியான நாளின் இயல்பான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு, வந்து கலந்ததன் வீச்சைத்தான் அளக்கிறார்கள்.

எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது. ஒவ்வொரு மாதத்திலும் மிக அமைதியான பத்து நாள்களையும் மிகக் குழம்பிய ஐந்து நாள்களையும் பட்டியலிடுகிறார்கள். முதலாவது தெளிநாள், இரண்டாவது கலங்குநாள். துளக்கத்தை வைத்து இந்த இரட்டையைச் செய்ய முடியவில்லை, முயன்று பார்த்தேன்.

ஆகவே: புவிக்காந்தக் கலக்கக் குறியீடு, சுருக்கமாகக் கே. புயலைப் புயலாகவே விடுகிறேன். வள்ளுவர் காலத்து மழை நம் காலத்தில் காற்றையும் சேர்த்துக்கொண்டுவிட்டது.


வியாழன், காலை 6.05

தம்பி,

தெளிநாள் எனக்குப் பிடித்திருக்கிறது. கலக்கம் பிடிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழனுக்கு மனமும் வயிறும்தான் நினைவுக்கு வரும். "சூரியனால் கலக்கம்" என்று படித்தால் என் வயதுக்காரர்கள் பயந்துபோவார்கள். நீங்கள் சொன்ன வேர் சரி. வேர் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்று அந்தத் தங்கச்சி எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். அப்புறம், மலைக்குத் துளக்கம் இல்லை என்றவன் மலையின் உள்ளத்தையா சொன்னான்? நிலையைத்தான் சொன்னான்.

என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.


வியாழன், இரவு 8.30

கலக்கத்துக்கு என் ஆதரவு. துளக்கத்தைவிட மேல், அவ்வளவுதான். இன்னும் நல்லது வந்தால் மாற்றலாம். கையேட்டுக்குப் பிறகு அமைதிநாளா தெளிநாளா என்று தனியாகப் பேசுவோம், எனக்கு அதில் ஐயம் இருக்கிறது.


வெள்ளி, மாலை 4.35

கலக்கத்துக்கு நால்வர், துளக்கத்துக்கு ஐயா ஒருவர், பதில் எழுதாதவர்கள் பலர். கையேடு போய்விட்டது. மூன்றாம் பக்கத்தில் "கலக்கம்" வரும் முதல் இடத்தில், "துளக்கம் என்றும் சொல்வர்" என்று சேர்த்திருக்கிறேன் ஐயா. இன்று காலை மின்தூக்கி பழுது பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் சுவரில் புள்ளி அசையவே இல்லை.