ஒரே சரிவில் இரண்டு களிமண்: ஒன்று வடிகிறது, ஒன்றில் தண்ணீர் நிற்கிறது. ஏன்?

மரம்அளப்பவன்:

வணக்கம். வெப்பமண்டல மலைக்காடு ஒன்றில் மரங்களை அளக்கும் வேலையில் இருக்கிறேன். மரம் ஓரளவு தெரியும், மண் தெரியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

போன வாரம் இரண்டு குழிகள் வெட்டினோம். ஒன்று முகட்டின் மேல். மற்றது அங்கிருந்து முப்பது மீட்டர் கீழே, சரிவு கொஞ்சம் தணிகிற இடத்தில். பாறையும் மழையும் இரண்டுக்கும் ஒன்றுதான். மேல் குழியில் செங்களி, மண்வெட்டி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. கீழ்க்குழியில் முதல் ஒரு சாணுக்குக் கறுப்பாக, பாதி மட்கிய சருகும் வேரும் பாய் மாதிரி பின்னிக் கிடந்தன. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, இடையிடையே துரு நிறக் கீற்றுகள். மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விழவே மறுத்தது. மூன்று நாள் மழையே இல்லை, அப்படியும் குழியில் இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது.

களி என்றாலே தண்ணீர் இறங்காது என்றுதான் படித்திருக்கிறேன். இரண்டுமே களி என்றால் மேலே மட்டும் எப்படி வடிகிறது? அதுவும் சரிவில் தண்ணீர் எப்படித் தேங்கும்? கீழே மரங்கள் குட்டையாக இருக்கின்றன, விழுந்த மரங்களும் அங்கேதான் அதிகம். இதற்கும் மண்ணுக்கும் தொடர்பு உண்டா?

குழிவெட்டி:

நல்ல கேள்வி. குழி வெட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம்.

பாறை ஒன்று, மழை ஒன்று, களியும் ஒன்றாக இருக்கலாம். இரும்பின் நிலைதான் வேறு. 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகளைக் களி என்கிறோம். அது அளவைச் சொல்கிற பெயர் மட்டும்தான். அந்தத் துகள்கள் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீர் இறங்கும், இறங்காமல் போகும். உங்கள் செங்களியில் இரும்பு ஆக்சைடு பசை போலத் துகள்களைக் கட்டி, மணல் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்திருக்கிறது. உருண்டைகளுக்கு நடுவே பெரிய துளைகள் இருப்பதால் மழை நேராகக் கீழே போய்விடும். விரலால் நன்றாகத் தேய்த்தால்தான் அது களி என்றே தெரியும்.

கீழ்க்குழியில் அந்தப் பசை கரைந்துவிட்டது. துளைகளில் தண்ணீர் நிரம்பினால் காற்று நுழைய முடியாது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் இருக்கிற ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். அப்புறம் நுண்ணுயிர்கள் சுவாசிக்க நைட்ரேட்டை எடுக்கும், பிறகு மாங்கனீஸ், பிறகு இரும்பு. துரு நிற ஃபெரிக் இரும்பு ஃபெரஸாக மாறித் தண்ணீரில் கரைந்து நகர்ந்துவிடும். மேல்பூச்சு போனதும் களியின் சொந்தச் சாம்பல் நிறம் வெளியே தெரிகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: இரும்பு போனால் உருண்டை உடையும், உருண்டை உடைந்தால் பெரிய துளை மூடும், துளை மூடினால் தண்ணீர் இன்னும் அதிக நாள் நிற்கும், அதனால் இன்னும் இரும்பு போகும். தொடக்கத்தில் சின்ன வித்தியாசமாக இருந்தது இப்படித்தான் முப்பது மீட்டருக்குள் இரண்டு வேறு மண்ணாகிறது. ‘களி என்பதால் தண்ணீர் நிற்கிறது’ என்பது பாதிதான் உண்மை. தண்ணீர் நின்று நின்றும் களி இப்படி ஆகிறது.

சரிவுக்கு வருவோம். மேலே இறங்கிய மழை மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு தணிகிற இடத்தில்தான் மேலே வரும். அங்கே மழை நின்ற பிறகும் வரவு நிற்காது. மேகம் மூடிய காடாக இருந்தால் இலைகள் நீராவியாக வெளியேற்றுவதும் குறைவு.

துருக் கீற்றுகளை மறுபடி உற்றுப் பாருங்கள். வேர் போன வழியை ஒட்டி இருக்கின்றனவா? ஈரக்காட்டு மரங்கள் சில, வேருக்குள் காற்றறை வைத்து ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோகும். அது கசிகிற இடத்தில் ஃபெரஸ் மறுபடி துருவாகப் படியும். கீற்றின் விளிம்பு மங்கலாகக் கரைந்திருந்தால் அது இப்போதும் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விளிம்பு வெட்டினாற்போல் இருந்தால் பழைய காலத்து ஈரத்தின் தடமாக இருக்கலாம்.

மண் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற மன்செல் நிற அட்டையில் பார்க்கும்போது மண் ஈரமாக இருக்கட்டும், குழி வெட்டிய உடனே பாருங்கள். குரோமா, அதாவது நிறத்தின் செறிவு, 2 அல்லது அதற்குக் கீழே வந்தால் இரும்பு போயிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். ஒரு கட்டியைப் பிளந்து வெளியே வையுங்கள். உள்முகம் கொஞ்ச நேரத்தில் பழுப்பாக மாறினால் ஃபெரஸ் இருக்கிறது. ஆல்ஃபா ஆல்ஃபா டைபிரிடில் கரைசல் கிடைத்தால் ஒரு சொட்டு விட்டால் போதும், ஃபெரஸ் இருந்தால் செம்மை காட்டும்.

பலகைவேர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. மரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

கீழே ஆக்சிஜன் இல்லை என்றால் வேர் கீழே போகாது. நீங்கள் பார்த்த அந்தப் பாய்தான் மரத்தின் கிட்டத்தட்ட முழு வேர்த்தொகுதி. சருகு மெதுவாக மட்குவதால் கறுப்பு அடுக்கு தடித்துக்கொண்டே வரும், வேர்கள் சத்துக்காக அதற்குள்ளேயே படரும். ஆழமாகப் பிடிப்பு இல்லாததால் புயலில் மரம் முறியாது, வேர்த்தட்டோடு அப்படியே சாய்ந்துவிடும். விழுந்த மரங்களின் அடியைப் பாருங்கள், ஆணிவேர் இல்லாமல் தட்டையாக இருக்கும்.

போர்ட்டோ ரிக்கோவின் லுக்கியோ மலைகளில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. மேலே போகப் போக மழை கூடுகிறது, மண்ணில் ஆக்சிஜன் குறைகிறது, மரங்களும் குட்டையாகின்றன. ஈரமான செங்குத்துச் சரிவுகளில் மலைப்பனை மரங்களே கூட்டமாக நிற்கின்றன. ஆனால் குட்டை மரத்துக்கு மண் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். மேகம், காற்று, குறைந்த வெயில் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன.

இன்னொன்று. இரும்பு கரையும்போது அதோடு ஒட்டியிருந்த பாஸ்பரஸும் விடுபடும். அதனால் நனைந்து காய்ந்து நனைகிற மண் எப்போதும் சத்தற்றது என்று சொல்ல முடியாது.

மரம்அளப்பவன்:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கந்தக வாடை, அழுகிய முட்டை வாடை எதுவும் வரவில்லையே. அப்படியென்றால் ஆக்சிஜன் இல்லாத மண் என்று சொல்லலாமா?

குழிவெட்டி:

சொல்லலாம். நுண்ணுயிர்கள் சல்பேட்டை எடுக்கும்போதுதான் அந்த வாடை வரும். நான் சொன்ன வரிசையில் சல்பேட்டின் முறை இரும்புக்குப் பிறகுதான். மலைக்காட்டு மண்ணில் பெரும்பாலும் சல்பேட் குறைவு, இரும்பு ஏராளம். அதனால் வாடை இல்லாமலே சாம்பல் நிறம் வரும். வாடையைத் தேடிப் போனால் இப்படிப்பட்ட மண் முழுவதையும் தவறவிடுவீர்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஈரத்தில் நடக்காதீர்கள். இளவயதில் இதேபோன்ற ஒரு திட்டில் எங்கள் குழு தினமும் ஒரே தடத்தில் போய் வந்தது. மிஞ்சியிருந்த துளைகளையும் மிதித்தே மூடினோம். ஒரே மழைக்காலத்தில் அந்தத் தடம் முழங்கால் சேறானது, வேர்ப்பாய் அறுந்தது. பல வருடம் கழித்துப் போனபோதும் அந்தக் கோட்டில் கன்று எதுவும் எழவில்லை. அது நாங்கள் செய்த தவறு, இப்போதும் மனதை உறுத்துகிறது. பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். குழியைப் பார்த்து முடித்ததும் அடுக்கு மாறாமல், எடுத்த வரிசைக்கு எதிர்வரிசையில் மூடுங்கள்.

மரம்அளப்பவன்:

இன்று போய்வந்தேன். சாம்பல் கட்டி ஒன்றைப் பிளந்து கல்லின்மேல் வைத்தேன். பக்கத்து மரங்களை அளந்து முடித்துத் திரும்பியபோது, வெளிறிய நீலச்சாம்பலாக இருந்த உள்முகம் ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. கீற்றுகள் எல்லாம் வேரை ஒட்டியே இருக்கின்றன, விளிம்பு மங்கல். விழுந்த நான்கு மரங்களின் அடியையும் பார்த்தேன், நான்கும் தட்டைதான். எங்கள் பழைய தடத்தில் ஏற்கனவே தண்ணீர் நிற்கிறது. நாளையிலிருந்து முகட்டு வழியாகச் சுற்றிப்போக முடிவுசெய்திருக்கிறோம். குழிக்குப் பக்கத்தில் மட்டும் பலகை.