1200 மி.மீ. பால்சா ட்ரெய்னர் கிட்: பசை தொடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மேல்_இறக்கை:

வணக்கம். கல்லூரி ஏரோமாடலிங் கிளப்புக்கு ஒரே மாதிரி ஆறு கிட் வாங்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று வரவழைத்திருக்கிறோம். லேசர் கட் பால்சா (லேசான மரம்), மேல் இறக்கை, ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) உள்ள நாலு சேனல் ட்ரெய்னர், அதாவது ரேடியோவால் ஓட்டிப் பழகும் விமானம். இன்னும் பசை தொடவில்லை.

இறக்கை 1200 × 200 மி.மீ., நுனி வரை ஒரே அகலம், அடிப்பக்கம் தட்டை, தடிமன் 24. கிடைமட்ட வால் 400 × 110. இறக்கையின் கால்பங்குக் கோட்டிலிருந்து (முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்கு) வாலின் கால்பங்குக் கோடு வரை 550. ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் சுமை தாங்கும் குச்சி) மேலும் கீழும் 6 × 6 பால்சா, ஒரு பக்கத்துக்கு 600 நீளம். ஃபயர்வால் (மூக்கில் மோட்டார் பொருத்தும் பலகை) 3 மி.மீ. லைட் ப்ளை (லேசான ப்ளைவுட்). ஷீட்டிலிருந்து துண்டுகளைப் பிரித்து, மீந்த சட்டங்களை ஒதுக்கிவிட்டு, கம்பி, சக்கரம், புஷ்ராடு எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் 410 கிராம். மேலே ஒட்டும் ஃபிலிம் கிட்டில் இல்லை.

போட நினைப்பது: ஏ2212 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 10 × 4.5 ப்ரொப்பெல்லர், 3எஸ் 2200 பேட்டரி (மூன்று செல், 2200 மில்லி ஆம்ப்-மணி), 9 கிராம் சர்வோ (மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) நாலு, ஃப்ளைஸ்கை ஐ6 ரேடியோ. ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கிளப்பில் ஏற்கெனவே இருக்கிற 30 ஆம்ப், ட்ரோனுக்காக வாங்கியது.

விளம்பரத்தில் பறக்கும் எடை 700 கிராம் என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா? இந்த ஸ்பார் தாங்குமா? முதன்முதலாக ஓட்டுபவர்கள் கையில் கொடுக்கத் தகுந்த விமானமா இது?

தராசுத்தட்டு:

700 வராது. நீங்களே கூட்டிப் பாருங்கள். மரமும் கம்பியும் 410. ஃபிலிம் சதுர மீட்டருக்கு 65 கிராம் அளவில் இருக்கும். இறக்கை இரண்டு பக்கமும் 0.48 சதுர மீட்டர், வாலும் உடலும் சேர்ந்தால் 0.9 வரும், ஆக 60 கிராம். பசை 30. இதுவே 500 ஆகிவிட்டது. பேட்டரி 185, மோட்டார் 52, ஈஎஸ்சி 25, சர்வோ நாலும் 38, ரிசீவர் 15, ப்ரொப்பெல்லர் 12, வயர், கனெக்டர், திருகு எல்லாம் 25. மொத்தம் 852. விளம்பரத்துக்குச் சின்ன பேட்டரி போட்டு எடுத்த எடையாக இருக்கலாம். 870 என்று வைத்துக்கொண்டு மேலே கணக்குப் போடுங்கள்.

870ஆல் கெட்டுப் போகிற விமானம் இல்லை இது. பரப்பு 24 சதுர டெசிமீட்டர், அதனால் இறக்கைச் சுமை சதுர டெசிமீட்டருக்கு 36 கிராம். ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்து வேறு அளவு விமானத்தோடு ஒப்பிடாதீர்கள். சிக் கேடட் எல்டி-40 என்ற பழைய ட்ரெய்னரின் பரப்பு 58 சதுர டெசிமீட்டர், எடை சுமார் 2.6 கிலோ, சுமை 45 வருகிறது. ஆனாலும் அது இதைவிட சாது. அளவு வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்க, எடையை (கிலோவில்) பரப்பின் (சதுர மீட்டரில்) ஒன்றரை அடுக்கால் வகுக்க வேண்டும். கேடட்டுக்கு 5.9, உங்கள் கிட்டுக்கு 7.4. ட்ரெய்னருக்கு 8க்குள் இருந்தால் சரி. 950 கிராமைத் தாண்டினால் அந்த எல்லையையும் தாண்டிவிடும்.

ஸ்டால் வேகத்தை, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகத்தை, வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. 700 கிராமில் மணிக்கு 23 கி.மீ., 870இல் 26, 1100இல் 29. புதியவர் இறக்கும்போது இந்த 3 கி.மீ. வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால்தான் எடையை இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன்.

வால் அளவு போதும். வாலின் பரப்பை அதன் தூரத்தால் பெருக்கி, இறக்கையின் பரப்பு, அகலம் இரண்டாலும் வகுத்தால் 0.50 வருகிறது. ட்ரெய்னருக்கு அதற்குக் கீழே போயிருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று: ப்ளானை ஸ்டீல் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். பிரிண்ட் எடுக்கும்போது 98 சதவீதமாகச் சுருங்கியிருந்தால் முழு இறக்கையில் 24 மி.மீ. காணாமல் போகும், ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) இடைவெளியும் துண்டுகளோடு பொருந்தாது.

பால்சாத்தூள்:

ஸ்பார் பத்தி நான் சொல்றேன், இந்தக் கிட்டுல எனக்கு உறுத்துறது அதுதான்.

870 கிராம் விமானம் டைவிலிருந்து சடார்னு எலிவேட்டர் (வால்ல மூக்கைத் தூக்குற மடல்) இழுத்தா 4ஜி, அதாவது எடையைப் போல நாலு மடங்கு சுமை, சுலபமா வரும். புதுசா ஓட்டுறவங்க இழுப்பாங்க, நிச்சயம் இழுப்பாங்க. அப்போ மொத்தச் சுமை 34 நியூட்டன், ஒரு பக்க இறக்கைக்கு 17. அது நடுவிலிருந்து 300 மி.மீ. தள்ளி வேலை செய்யுது, ஆக வளைக்கிற விசை 5.1 நியூட்டன் மீட்டர். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் மையத்துக்கு மையம் 18 மி.மீ. வகுத்தா ஒவ்வொண்ணுக்கும் 283 நியூட்டன். 36 சதுர மி.மீ.ல அது கிட்டத்தட்ட 8 மெகாபாஸ்கல். நடுத்தரப் பால்சா நார் வாக்கில் அமுக்கினா 10, 12 தாங்கும். லேசான பால்சா 5 பக்கத்துலயே நசுங்கிடும். நசுங்குறது எப்பவும் மேல் ஸ்பார்தான், நடு மூட்டுக்கு அடுத்த ரிப்போட ஓரத்துல. ஃபிலிம் மேல சின்னதா ஒரு குறுக்குச் சுருக்கம் தெரியும், அடுத்த இழுப்புல இறக்கை மடிஞ்சிடும்.

அதனால நாலு ஸ்பார் குச்சியையும் சேர்த்துத் தராசுல வைங்க. 14 கிராம் வந்தா நடுத்தரம். 9, 10 வந்தா அது ஸ்பாருக்கான மரமே இல்ல. ஷீட்டுக்கும் இதே சோதனைதான்: 3 × 100 × 1000 முழு ஷீட் 30 கிராம்னா ரொம்ப லேசு, 48னா நடுத்தரம்.

அடுத்தது ஷியர் வெப். ரெண்டு ஸ்பாருக்கும் நடுவுல 1.5 மி.மீ. பால்சா, நார் மேலும் கீழுமா நிக்கணும். கிட்டுல வெப் இருந்தா நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. ஷீட்டை மிச்சம் பிடிக்க நீளவாக்குல வெட்டியிருந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டிக்கோங்க. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு அஞ்சு இடைவெளி போதும், நுனி வரை வேண்டாம்.

லேசர் வெட்டு எப்படின்னு பார்க்க ஒரு நல்ல வழி: உங்க இறக்கை ஒரே அகலம்ங்கிறதால ரிப் எல்லாம் ஒரே அளவு. எல்லாத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, பள்ளத்துல ஸ்பார் குச்சியை அழுத்திப் பிடிச்சுட்டு மூக்கு ஓரத்தை விரலால தடவுங்க. மேடு பள்ளம் இருந்தா வெட்டும்போது ஷீட் நகர்ந்திருக்கு. அப்புறம் ஒரே ஒரு ரிப்பைக் குச்சியில மாட்டித் தலைகீழாப் பிடிங்க. விழக்கூடாது, ஆனா விரலால தள்ளினா நகரணும். 3 மி.மீ. துண்டுகள்ல லேசர் வெட்டு ஒரு பக்கம் கொஞ்சம் அகலமா இருக்கும், அதனால ரிப் எல்லாத்தையும் ஒரே பக்கம் பார்க்க வைங்க. கருகின ஓரத்துல மரப்பசை சரியா ஊறாது. 320 பேப்பர்ல ரெண்டு இழுப்பு, அதோட நிறுத்திடுங்க. கருப்பு முழுசாப் போகணும்னு தேய்ச்சா மூட்டு லூஸாயிடும்.

ஃபயர்வால் லைட் ப்ளைன்னா மாத்திடுங்க. 3 மி.மீ. பிர்ச் ப்ளை, 30 நிமிஷ எப்பாக்சி, உள்பக்கம் நாலு மூலையிலும் முக்கோணப் பால்சா. சிஏ பசையால (சூப்பர் க்ளூ) மட்டும் ஒட்டினா மூக்கு குத்தி இறங்கின முதல் தடவையே மோட்டாரோட சேர்ந்து பெயர்ந்து வந்துடும். சிஏ கண்ணாடி மாதிரி உடையும், அதிர்ச்சி தாங்காது.

முழுத்ராட்டில்:

மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பொருத்தம். 3எஸ்ஸில் 10 × 4.5 சுற்றினால் 14, 15 ஆம்ப் இழுக்கும், சுமார் 160 வாட். 870 கிராமுக்கு இது ட்ரெய்னருக்குத் தாராளம். ஆனால் வாட்மீட்டர் வைத்து அளந்த பிறகே பறக்கவிடுங்கள். 2200 பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தால் முழு த்ராட்டிலில் 7 நிமிடம். டைமரை அதற்கே வைத்துவிடுங்கள்.

ஈஎஸ்சியை மட்டும் மறுபடி யோசியுங்கள். ட்ரோனுக்காக ஃபர்ம்வேர் எழுதிய ஈஎஸ்சிகளில் பெரும்பாலும் பேட்டரி குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் வசதி இருக்காது. செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போய்ப் பேட்டரி உப்பிவிடும். ஆறு விமானம், ஆறு பேட்டரி என்றால் அந்தச் செலவு சும்மா இல்லை. விமானத்துக்கென்று விற்கும் 30 ஆம்ப் ஈஎஸ்சியே வாங்குங்கள்.

ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஈசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி) 5 வோல்ட் 2 ஆம்ப் லீனியர் என்று போட்டிருந்தால், 3எஸ்ஸில் அது 2 ஆம்ப் கொடுக்கும்போது 12 வாட் சூடாக வெளியேற வேண்டும். நாலு சர்வோ சாதாரணமாக அசையும்போது அவ்வளவு இழுக்காது. புஷ்ராடு எங்கேயாவது இடித்து ஒரு சர்வோ முறுக்கிக்கொண்டே நின்றால்தான் பிரச்சினை: பிஈசி சூடேறி மின்சாரத்தை நிறுத்தும், ரிசீவர் அணையும். ஒவ்வொரு ஸ்டிக்கையும் கடைசி வரை தள்ளி சர்வோ முனகுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள்.

ஃபயர்வால் உடலுக்குச் செங்குத்தாக இருந்தால் மோட்டார் மவுண்டின் பின்னால் வாஷர் வைத்து வலப்பக்கம் 2 டிகிரி, கீழே 2 டிகிரி சாய்க்க வேண்டும். திருகுத் துளைகளுக்கு இடையே 35 மி.மீ. என்றால் 1.2 மி.மீ. வாஷர். விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது இடப்பக்கமும் மேல்பக்கமும் வாஷர் வரும்.

மேல்_இறக்கை:

நாலு ஸ்பாரும் சேர்த்து 10 கிராம்தான். ரிப் அடுக்கில் மேடு பள்ளம் இல்லை. வெப் கிட்டிலேயே இல்லை. பைன் மரத்துக்கு மாறினால் முழு 6 × 6 போட வேண்டுமா? எடை கூடி சிஜி (ஈர்ப்பு மையம்) கெடுமா?

பால்சாத்தூள்:

முழுசா வேண்டாம். வெளிப்பக்கம் 6 × 3 பைன், அதுக்கு உள்பக்கம் கிட்டுல வந்த பால்சாவையே 6 × 3ஆ இழைச்சு ஒட்டிடுங்க, பள்ளம் நிறைஞ்சிடும். மையத்துக்கு மையம் 21 ஆகுது, விசை 243 நியூட்டன், 18 சதுர மி.மீ.ல 13.5 மெகாபாஸ்கல். முடிச்சு இல்லாத பைன் 35 வரை தாங்கும். விமானத்துக்குக் கூடுறது சுமார் 15 கிராம்தான். ஆறு கிட்டுக்கு 600 மி.மீ. குச்சி 24 வேணும். முடிச்சு, நார் கோணல் இருக்கறதைக் கழிக்கணும், 30 வாங்கிடுங்க. நடு மூட்டுக்கு 3 மி.மீ. பிர்ச் ப்ளை, ரெண்டு பக்கமும் மூணு ரிப் தாண்டிப் போகணும்.

தராசுத்தட்டு:

ஸ்பாரில் கூடும் எடை சிஜிக்கு அருகிலேயே இருப்பதால் கெடாது. கெடுப்பது வால். வாலில் 20 கிராம் கூடினால் அது 550 தூரத்தில். மூக்கில் 200 தூரத்தில் 55 கிராம் ஈயம் வைத்துத்தான் சரிக்கட்ட முடியும். வாலுக்கு இருப்பதிலேயே லேசான ஷீட், மெல்லிய பசை, ஃபிலிம் ஒரே அடுக்கு. சிஜி முன்விளிம்பிலிருந்து 50 முதல் 56 மி.மீ.க்குள். பேட்டரி அறை அந்த இடத்தை எட்டுகிறதா என்று ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். அப்போது சர்வோவை முன்னே நகர்த்தினாலும் செலவில்லை.

ஃபிலிம் இழுத்ததும் இறக்கையைக் கண்ணாடி மேஜையில் வையுங்கள். இரண்டு நுனியிலும் பின்விளிம்பு 3 மி.மீ. ஒரே அளவு தூக்கியிருந்தால் நல்லதே, மெதுவாகப் பறக்கும்போது நுனி கடைசியில்தான் ஸ்டால் ஆகும். ஒரு பக்கம் மட்டும் கீழே முறுக்கியிருந்தால் இறங்கும்போது அந்தப் பக்கமே சாயும். கையால் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மறுபடி சூடு காட்டி, ஆறும் வரை விடாமல் பிடித்தால் சரியாகிவிடும்.

ஸ்பார், ஃபயர்வால், வெப் மூன்றையும் மாற்றும் செலவைக் கிட்டின் விலையோடு சேர்த்து, அதற்குப் பிறகும் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் வாங்கலாம், துண்டுகளின் வெட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் மற்ற ஐந்து பெட்டிகளிலும் ஷீட்டுகளைத் தனித்தனியாக எடை போடுங்கள். பால்சா ஒரே லாட்டில்கூட ஷீட்டுக்கு ஷீட் மாறும். கனமானதை உடலுக்கும் லேசானதை வாலுக்கும் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.