கோரல் கேபிள்ஸ் மனை வரைபடம்: ஆண்டு கண்டுபிடிக்க உதவி தேவை

வணக்கம். புளோரிடாவில் ஜார்ஜ் மெரிக் உருவாக்கிய கோரல் கேபிள்ஸ் புறநகரின் பழைய மனை விற்பனை வரைபடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடிப்புத் தாள், வண்ண அச்சு. ஆண்டும் இல்லை, அச்சகப் பெயரும் இல்லை. ஓரமெல்லாம் உதிர்கிறது.

1924இல் திறந்த வெனிஷியன் பூல் என்ற நீச்சல் குளம், 1926 ஜனவரியில் திறந்த பில்ட்மோர் ஹோட்டல் இரண்டும் இதில் உள்ளன. ஆனால் அதை நம்பி ஆண்டு சொல்ல முடியாது; கட்டி முடிக்காததையும் முடிந்ததுபோல் வரைந்து மனை விற்ற காலம் அது.

பழைய நாளிதழ் விளம்பரங்கள், தீக்காப்பீட்டு வரைபடங்கள் (காப்பீட்டுக்காகக் கட்டடங்களைக் குறித்து வரைந்தவை), நூலக ஸ்கேன்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுவிட்டேன். தெருப்பெயர்கள் பொருந்துகின்றன, மனை எண்கள் பொருந்தவில்லை. தாளில் வாட்டர்மார்க்கும் கிடையாது.

ஏற்கெனவே தளர்ந்திருந்த மனை வியாபாரத்தை 1926 செப்டம்பர் புயல் சாய்த்துவிட்டது. இந்த வரைபடம் அதற்கு முன் அச்சானதா, பின்னா என்பதை எதை வைத்து உறுதிசெய்யலாம்?