மறு: பார்க்கிங் கேட்டுக்குத் தமிழில் என்ன? 'துலாக்கதவு' சரிவருமா?

அன்பின் குழுவினர்க்கு வணக்கம்.

பார்க்கிங் கேட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் போன வாரம் முன்வைக்கப்பட்ட 'தானியங்கி வாகன நிறுத்தத் தடுப்பு' என்ற சொல்லை அப்படியே என் மின்னணு வகுப்புக்கு எடுத்துப் போனேன். சனிக்கிழமை காலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர். மால் வாசலில் கார் வந்து நின்றதும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கட்டை ஒன்று மேலே போகுமே, அதன் மாதிரியைத்தான் இந்த மாதம் செய்கிறோம். தலைப்பைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஒரு பையன் கேட்டான்: "சார், இங்க வண்டி நிறுத்தக் கூடாதுன்னா?"

அவன் மேல் தப்பே இல்லை. நோய்த்தடுப்பு நோயைத் தடுக்கிறது, விபத்துத் தடுப்பு விபத்தைத் தடுக்கிறது. அந்த வரிசையில் வாகன நிறுத்தத் தடுப்பு எதைத் தடுக்கும்? 'நோ பார்க்கிங்' பலகைக்கு நல்ல தமிழ் கிடைத்துவிட்டது, நமக்குத்தான் ஆகவில்லை.

சரி, சுருக்கமாகத் 'தடை' என்று வைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கு ஒப்பேற்றினேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "அந்தத் தடையைக் கொஞ்சம் எடும்மா" என்றேன். மேசைமேல் கிடந்த 60 செ.மீ. மரச்சட்டத்தை அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவைத் துழாவி 220 ஓம் மின்தடை ஒன்றைக் கையில் வைத்தாள். அறிவியல் பாடப்படி அவள் செய்ததுதான் சரி. எல்இடி விளக்குக்கு மின்தடை, வண்டிக்கு ஒரு தடை என்று ஒரே மேசையில் இரண்டு தடை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது.

கோவை அண்ணா சொன்ன 'தூக்குமரம்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஆளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அண்ணா. பள்ளிக் கண்காட்சியில் 'தானியங்கித் தூக்குமரம்' என்று அட்டை எழுதி வைத்தால் தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார்.

'எழு' என்ற பரிந்துரை வந்ததும் உண்மையில் துள்ளிக் குதித்தேன். கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரத்துக்குச் சங்கப் பாட்டில் எழு என்றுதான் பெயர். குறுக்கே கிடப்பதும் அதுதான், எழும்புவதும் அதுதான் என்று ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிடுகின்றன. ஆனால் வகுப்பில் 'எழு' என்றால் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். மனசில்லாமல்தான் கைவிட்டேன்.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய ஒற்றை வரிதான் எனக்கு வழிகாட்டியது: "எங்கட கிணத்துத் துலாவைப் போலத்தானே இருக்கு?" அதேதான்! நீண்ட முன்கை, நடுவே அச்சு, பின்னால் பாரம். கிணற்றில் நீர் இறைக்கும் இதை நம் பக்கத்தில் ஏற்றம் என்போம். இரண்டிலும் ஆள் மேலேறி முன்னும் பின்னும் நடந்து மிதித்திருக்கிறார்கள். மிதிக்கிற ஆளே நகரும் பாரம். எங்கள் மாதிரியில் அந்த ஆளின் வேலையைச் செய்வது 9 கிராம் எடையுள்ள எஸ்.ஜி.90 சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்.

உவமை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மரச்சட்டத்தின் எடை 90 கிராம். ஒரு முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி அச்சு. சட்டத்தின் நடுப்புள்ளி அச்சிலிருந்து 20 செ.மீ. எடையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புவிசை 1,800 கிராம்-செ.மீ. சர்வோவின் உச்ச வலுவும் 4.8 வோல்ட்டில் அதே 1.8 கிலோ-செ.மீ.தான். நூலிழை மிச்சம் இல்லை. சட்டம் நாலு விரற்கடை எழும்பி நடுங்கியது, சர்வோ கொசு மாதிரி ரீங்கரித்தது, நிரலை ஓட்டும் ஆர்டுயினோ மின்னணுப் பலகை மின்னழுத்தம் இறங்கி அணைந்து அணைந்து எரிந்தது. நிரலில் பிழை என்று பிள்ளைகள் அரைமணி தேடினார்கள். "துலாவுக்குப் பின்னால கல்லு கட்டியிருப்பாங்களே, நம்ம துலாவுக்கு எங்க?" என்று கேட்டதும் ஒருத்தி 200 கிராம் நட்டு போல்ட்டைப் பொட்டலம் கட்டி, அச்சுக்குப் பின்னால் 9 செ.மீ.யில் தொங்கவிட்டாள். 200 பெருக்கல் 9, அதுவும் 1,800. கையை எடுத்தால் சட்டம் அப்படியே நிற்கிறது! பாரத்தைத் தனி அச்சாணி தாங்க, சர்வோவுக்குத் திருப்பும் வேலை மட்டும். ஒவ்வொரு பாகைக்கும் 15 மில்லி நொடி விட்டு ஏற்றினால் ஆட்டமும் இல்லை. 'தடுப்பு' என்ற சொல் இந்தக் கல்லை ஞாபகப்படுத்தியிருக்காது.

துலா வடசொல்லாயிற்றே, ஏற்றம் என்றே வைக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். வைத்துப் பார்த்தேன். "ஏத்து" என்றேன். கணினி முன் இருந்தவன் நிரலை ஆர்டுயினோ பலகைக்கு ஏற்றிவிட்டான், சட்டத்தருகே நின்றவன் கையால் அதைத் தூக்கினான். பதிவேற்றம் என்ற சொல் ஊன்றிவிட்ட பிறகு, மின்னணு வகுப்பில் ஏற்றத்துக்கு இரட்டை வேலை கொடுப்பது சிரமம். துலாம் ராசியா என்று ஒருவன் கேட்டான்தான். தராசும் அதே குடும்பம் என்றதும் சமாதானமாகிவிட்டான்.

ஆகவே என் பரிந்துரை: முழுக் கருவிக்குத் துலாக்கதவு, சட்டத்துக்கு மட்டும் துலா, பின்பாரத்துக்கு எதிரெடை. 'தானியங்கி' முன்னால் வேண்டுமா? தலைப்பில் ஒருமுறை போதும். உணரி (சென்சார்), மீயொலி (அல்ட்ராசானிக்) ஆகியவை பாடநூலிலேயே இருப்பதால் தொடவேண்டாம். சர்வோவை சர்வோ என்றே விடுவோம். அதன் வேர்ச்சொல் அடிமை என்பது. அதை மொழிபெயர்த்துப் பிள்ளைகள் வாயில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு சொல்லுக்கும் தேவை வந்துவிட்டது. முதலில் மீயொலி உணரி ஒன்றுதான் வைத்தோம். 10 செ.மீ. எதிரில் பொம்மைக் கார் வந்தால் எதிரொலி ஏறக்குறைய 580 மைக்ரோ நொடியில் திரும்பும், துலா எழும், 5 நொடியில் தானாக இறங்கும். சாவி கொடுத்த கார் பாதியில் சுணங்கியது. துலா நேராக அதன் கூரைமேல் இறங்கிற்று. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் துலாவுக்கு நேர் கீழே இரண்டாவது உணரி பொருத்தி, அங்கே வண்டி இருக்கும்வரை இறங்காதே என்று நிரலை மாற்றினோம். நிஜ வாசல்களில் இதைத் தரைக்குள் புதைத்த கம்பிச் சுருள் செய்கிறது. மேலே கார் நிற்கும்போது சுருளின் மின்தூண்டல் மாறுவதை வைத்து வண்டி இருப்பதைக் கண்டுகொள்கிறது. சாலையைச் சதுரமாக அறுத்துக் கருப்பாக அடைத்த கோட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலோகம் குறைந்த பைக்கைச் சிலசமயம் அது கண்டுகொள்ளாது. இதற்கு 'தரைச்சுருள்' என்று பலகையில் எழுதினேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

மின்சாரம் போய்த் துலா பாதியில் நின்றுவிடும் நிலைக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. நிரலில் திறப்பு, மூடல் என்று இரண்டு நிலை எழுதியாயிற்று. மூன்றாவதைப் பிள்ளைகள் 'தொங்கல்' என்கிறார்கள். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது, ஆனால் கணினி உறைந்துபோவதையும் அவர்கள் 'தொங்கிடுச்சு' என்றுதான் சொல்கிறார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் யாராவது வேறு ஒன்று கொடுத்தால் பலகையில் எழுதிவிடுவேன்.